தொழிற்சாலை நடத்துவோர் சுற்றுச்சூழல் சட்டக் கடமைகளை நிறைவேற்றும் முறை

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை, மின்முலாம் பூசும் பட்டறை, உணவுப் பதப்படுத்தும் ஆலை, வேதிப்பொருள் தொழிற்சாலை போன்றவற்றை நிறுவனமாகப் பதிந்து நடத்துவோருக்கும், அவற்றில் மேலாளர் பொறுப்பில் இருப்போருக்கும் எழுதப்பட்டது. பெரிய நிறுவனங்களில் சட்டப் பிரிவும் சுற்றுச்சூழல் பொறியாளர்களும் தனியாக இருப்பார்கள். நடுத்தர நிறுவனங்களில் அந்த வேலை பெரும்பாலும் உற்பத்தி மேலாளரின் மற்ற வேலைகளோடு சேர்க்கப்படுகிறது, அல்லது அவ்வப்போது வந்துபோகும் ஆலோசகரிடம் முழுவதுமாக விடப்படுகிறது. ஆலோசகர் படிவங்களை நிரப்பித் தரலாம். கழிவுநீர் ஆற்றில் கலந்தால் நீதிமன்றம் அழைப்பது அவரை அல்ல.

பொறுப்பு யாருடையது என்பதை முதலில் எழுதி வையுங்கள்

1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் குற்றம் செய்தால், அந்த வேளையில் நிறுவனத்தின் அலுவல்களை நடத்தும் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் நிறுவனத்தோடு சேர்ந்து குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, அதைத் தடுக்கத் தக்க முயற்சிகள் அனைத்தையும் எடுத்திருந்தோம் என்றோ மெய்ப்பிப்பவர் தப்பலாம். ஆனால் மெய்ப்பிக்க வேண்டிய சுமை அவருடையது. இயக்குநர், மேலாளர், செயலர் ஆகியோரின் ஒப்புதலாலோ கவனக்குறைவாலோ குற்றம் நிகழ்ந்தது என்று தெரிந்தால் அவர்களும் பொறுப்பாவார்கள். இதனோடு 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 166(2)-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இயக்குநர் பங்குதாரர்களின் நன்மைக்காக மட்டுமின்றி, ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றையும் கருதி நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்று அது அவருடைய கடமையை வரையறுக்கிறது.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, இயக்குநர் குழுவின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவது. சுத்திகரிப்பு நிலையம், புகைபோக்கி, அபாயகரக் கழிவு, அரசு அனுமதிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார், அவர் யாரிடம் கணக்குக் காட்டுகிறார், ஒரு கருவி பழுதானால் உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பவற்றை அந்தத் தீர்மானம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன அதிகாரத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பாளரால் சாயத் தொட்டியை நிறுத்தச் சொல்ல முடியாது என்றால், அவருக்குப் பொறுப்பைக் கொடுத்ததாகச் சொல்வதில் பொருள் இல்லை. தக்க முயற்சி எடுத்தோம் என்ற வாதத்துக்கு நீதிமன்றத்தில் உயிர் கொடுப்பவை இந்த அதிகாரமும், அதைப் பயன்படுத்தியதற்கான பதிவுகளும்தான்.

தண்டனைகள் அண்மையில் மாறியிருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் வழியே 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுச் சட்டத்திலும் பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படும் முறை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீர்ச் சட்டத்துக்கான 2024-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதே போக்கில் அமைந்தது. ஆனால் அது முதலில் இமாசலப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் மட்டும் பொருந்தும்படி இயற்றப்பட்டது. மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானத்தின் மூலம் ஏற்க வேண்டும். ஏற்காத மாநிலத்தில், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிக் கழிவுநீரை வெளியேற்றுவதற்கான பழைய தண்டனையான ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரையிலான சிறை அப்படியே நிற்கிறது. உங்கள் மாநிலத்தின் நிலையை வழக்குரைஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறை போய் அபராதம் வந்ததைத் தளர்வு என்று எடுத்துக்கொள்வது தவறான கணக்கு. இழப்பீடும் சீரமைப்புச் செலவும் அபராதத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதைப் பின்னால் காண்போம்.

நிலம் வாங்கும் முன்

தமிழ்நாட்டில் பல தொழில்முனைவோர் நிலத்தை வாங்கி, மதில் எழுப்பி, இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகே அனுமதியைப் பற்றி நினைக்கிறார்கள். 1989 மார்ச் 30 அன்று வெளியான 213-ஆம் எண் அரசாணை, குறிப்பிட்ட ஆறுகள், நீர்நிலைகள் முதலியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மிகுதியாக மாசுபடுத்தும் தொழில்கள் தொடங்கப்படுவதைத் தடுக்கிறது. 1998 மே 8 அன்று வெளியான 127-ஆம் எண் அரசாணை குறிப்பிட்ட ஆறுகளுக்கு அந்தத் தொலைவை ஐந்து கிலோமீட்டராக நீட்டியது. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் புல எண் அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதைக் கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறாமல் கிரயம் செய்யாதீர்கள்.

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் வரும் தொழில்களுக்கு, கட்டுமானம் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் உண்டு. அந்தக் கூட்டத்தை மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை தாங்குவார். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பாக ஒப்பேற்றுவது வழக்கமாகிவிட்டது. நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது, நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் எடுப்பீர்கள், கழிவு எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கு ஊர்க்காரர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் விடை எழுதுங்கள். அந்த ஊரின் கிணற்று நீரை நீங்கள் தொடங்கும் முன்பே சோதித்து, முடிவுகளைப் பஞ்சாயத்துக்கும் கொடுங்கள். பிற்காலத்தில் எழும் எந்தச் சச்சரவிலும் அந்த அடிப்படை அளவீடு இரு தரப்புக்கும் உண்மையைக் காட்டும்.

இசைவாணையைப் படிப்பது

மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணைகள் இரண்டு: தொழிற்சாலையை நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழும் காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழும் தனித்தனியாக இவை வழங்கப்படும். தொழில்கள் அவற்றின் மாசுத் திறனுக்கு ஏற்பச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. கட்டணமும் செல்லுபடியாகும் காலமும் ஆய்வின் அடர்த்தியும் அந்த வகையைப் பொறுத்தவை.

இசைவாணையைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு அலுவலகச் சுவரில் மாட்டுகிறார்கள். பின்னிணைப்பில் உள்ள நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு வரியாகப் பிரித்து, அதற்கு எதிரே அதைச் செய்யும் ஊழியரின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, செய்ததற்கான ஆதாரம் எந்தப் பதிவேட்டில் என்ற மூன்று கட்டங்களை நிரப்புங்கள். மாதம் எத்தனை டன் உற்பத்தி, நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர், எந்த எரிபொருள், எத்தனை மீட்டர் புகைபோக்கி என்ற எண்களைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். புதிய வாடிக்கையாளருக்காகக் கூடுதல் இயந்திரம் போடும்போதும், விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறும்போதும், மூலப்பொருளை மாற்றும்போதும் அந்த எண்கள் மீறப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விற்பனைப் பிரிவு ஒப்பந்தம் போட்ட பிறகு சுற்றுச்சூழல் பொறுப்பாளருக்குத் தகவல் வருவது பல இடங்களில் நடக்கும் முறை. அதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்குப் பல மாதங்களுக்கு முன்பே இணையவழி கொடுத்துவிடுங்கள். விண்ணப்பித்து நான்கு மாதங்களுக்குள் வாரியம் முடிவு சொல்லாவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கருதப்படும் என்று நீர்ச் சட்டத்தின் 25(7)-ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. அதை நம்பி ஆலையை ஓட்டும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் ஓர் ஆவணம் குறைந்தாலும் அந்த வாதம் ஆட்டம் கண்டுவிடும். தூத்துக்குடி தாமிர உருக்காலை வழக்கில் 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோது, செல்லுபடியாகும் இசைவாணை இல்லாமல் நெடுங்காலம் ஆலை இயங்கியதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கழிவுநீர்: அன்றாட வேலை

சட்டக் கடமையின் பெரும்பகுதி நீதிமன்றத்திலோ வாரிய அலுவலகத்திலோ நிறைவேறுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில், இரவு ஷிஃப்டில் நிறைவேறுகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான பொதுத் தர அளவுகளை மனப்பாடமாக வைத்திருங்கள்: பி.எச். என்ற அமில-காரத் தன்மை அளவு 5.5 முதல் 9 வரை. உயிரிய ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம். வேதிய ஆக்சிஜன் தேவை (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250. மிதக்கும் திடப்பொருள் 100. எண்ணெய்ப் பசை 10. தமிழ்நாட்டில் கரைந்துள்ள உப்புகளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் இசைவாணையில் இவற்றைவிடக் கடுமையான எண் இருந்தால் அந்த எண்ணே உங்களைக் கட்டும்.

திருப்பூர் கற்றுத் தந்தது உப்பைப் பற்றியது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற ரியாக்டிவ் சாயத்தோடு சோடியம் சல்ஃபேட்டோ சாதாரண உப்போ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. சாயத்தில் ஒரு பகுதி நூலில் ஏறும், உப்பு முழுவதும் கழிவுநீரில் போய்ச் சேரும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைக்கலாம். நுண்ணுயிர்த் தொட்டியால் கரிமப் பொருளைக் குறைக்கலாம். கரைந்த உப்பை இவை எதுவும் தொடுவதில்லை. தெளிந்த நிறத்தோடு வெளியேறிய உப்பு நீர்தான் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, ஆயக்கட்டு நிலங்களையும் கிணறுகளையும் பாழாக்கியது. உழவர்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்டும்படி 2006-இல் ஆணையிட்டது; உரிய காலத்தில் அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளையும், பல ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. நேர்மையாகச் செலவு செய்தவரும் செய்யாதவரும் ஒரே நாளில் பூட்டுப் போட்டார்கள். பொது நிலையத்தில் உறுப்பினராக இருப்பதால் தன் கடமை முடிந்தது என்று நினைப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பூஜ்ஜிய வெளியேற்றம் என்று இசைவாணையில் இருந்தால், அதை நிரூபிப்பது நீர்க்கணக்கு. உள்ளே வந்த நீர், ஆர்.ஓ. கருவியிலிருந்து மீட்ட நீர், எவாப்பரேட்டரில் ஆவியாகிக் குளிர்ந்து திரும்பிய நீர், கொதிகலனிலும் உலர்த்தியிலும் இழந்த நீர் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். இரு பக்கமும் ஒத்துப்போகாமல் இடைவெளி இருந்தால், அந்த நீர் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். ஆய்வாளர் கேட்கும் முன் அதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். உப்புக் கணக்கு இன்னும் நம்பகமானது. மாதம் எத்தனை டன் உப்பு வாங்கினீர்கள், எத்தனை டன் மீட்டு மறுபடி பயன்படுத்தினீர்கள், எத்தனை டன் கலப்பு உப்பு கிடங்கில் இருக்கிறது? வாங்கிய உப்பு இந்த இரண்டிலும் கணக்காகவில்லை என்றால் அது மண்ணில் இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மானி பொருத்துவது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். பம்புகளும் காற்றூட்டிகளும் ஓடின என்பதற்கு மின்சாரச் செலவைவிட நேரான சான்று வேறில்லை. உற்பத்தி கூடிய மாதத்தில் நிலையத்தின் மின்செலவு குறைந்திருந்தால் எந்தப் பதிவேடும் உங்களைக் காப்பாற்றாது. மாற்றுக் குழாய், மறைவான மதகு, மழைநீர் வடிகாலோடு இணைந்த பழைய குழாய் ஆகியவற்றைத் தேடி வெட்டி, சிமென்ட் இட்டு அடைத்து, படம் எடுத்து வையுங்கள். நல்ல நீரைக் கலந்து செறிவைக் குறைப்பது சுத்திகரிப்பு ஆகாது. மின்தடையிலும் பழுதிலும் ஒரு நாள் கழிவுநீரையாவது தேக்கும் தொட்டி வேண்டும். அது நிரம்பினால் உற்பத்தி நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த 17 அதிக மாசுத் தொழில் வகைகளுக்கு, கழிவையும் புகையையும் தொடர்ந்து அளந்து இணையவழி அனுப்பும் கருவிகள் கட்டாயம். கருவியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகாமலும், நுழைகுழாயில் அடைப்பு இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் ஒரே எண்ணை அனுப்பும் கருவி சந்தேகத்தையே வரவழைக்கும்.

அபாயகரக் கழிவு

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, கசடு, பயன்படுத்திய எண்ணெய், வேதிப்பொருள் படிந்த பீப்பாய்கள் முதலியவற்றைக் கையாளத் தனி அங்கீகாரம் பெற வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் தேக்கக் கூடாது. படிவம் 3-இல் அன்றாடக் கணக்கும், படிவம் 4-இல் ஆண்டறிக்கையும் வேண்டும். வண்டி ஏறும்போது படிவம் 10 என்ற ஏழு பிரதிகள் கொண்ட அனுப்புகைச் சீட்டு கூடவே போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை இடத்திலிருந்து கையொப்பமிட்ட பிரதி திரும்பி வந்தால்தான் அந்தச் சுமை உங்கள் கையைவிட்டு நீங்கியதாகக் கணக்கு. மலிவாக எடுத்துக்கொள்கிறேன் என்று இரவில் வரும் லாரிக்குக் கசடை ஏற்றிவிடும் நிறுவனம், அதை ஏரிக்கரையில் கொட்டியவரோடு சேர்ந்து பொறுப்பேற்கும்; கழிவை உண்டாக்கியவரின் பொறுப்பை விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன.

ஆய்வாளர் வரும் நாள்

நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் முறையை வகுத்திருக்கிறது, அதன் சில படிகள் உங்களைப் பாதுகாப்பதற்காகவே இருக்கின்றன. மாதிரியை வழக்குக்குப் பயன்படுத்த வேண்டுமானால், எடுக்கும் அதிகாரி அந்த நோக்கத்தைச் சொல்லி அறிவிப்புத் தர வேண்டும். உங்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். நீங்கள் கேட்டால் இரண்டாம் பகுதி அரசு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். கேட்கும் உரிமை உங்களுடையது, எழுத்தில் கேளுங்கள். பொறுப்பாளர் இல்லை என்று வாயிலில் காக்க வைப்பதும், பம்பை அவசரமாக ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம். முடிவு மோசமாக வந்தால், காரணம் என்ன, எந்தத் தேதிக்குள் சரியாகும், அதுவரை உற்பத்தி எந்த அளவில் ஓடும் என்ற மூன்றையும் கொண்ட கடிதத்தை ஒரு வாரத்துக்குள் வாரியத்துக்கு நீங்களாகவே அனுப்புங்கள்.

விபத்து நேர்ந்தால்

விபத்தால் நச்சுப் பொருள் நீர்நிலையில் கலந்தாலோ கலக்கும் நிலை உண்டானாலோ உடனே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீர்ச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. காற்றுச் சட்டத்திலும் இதே கடமை உண்டு. சட்ட ஆலோசகரிடம் கேட்ட பிறகு சொல்லலாம் என்று தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சுற்றியுள்ள வீடுகளில் இருப்போரின் உயிரோடு தொடர்புடையது.

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில், பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் ஸ்டைரீனின் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கால் ஆலை நின்றிருந்தது. சேமிப்புத் தொட்டியின் வெப்பம் மேலேறியதும், அதை அடிப்பகுதியில் மட்டும் அளந்ததும், ஸ்டைரீன் தானாக வினைபுரிவதைத் தடுக்கும் வேதிப்பொருள் போதாமல் போனதும், அபாயச் சங்கு இருந்தும் ஒலிக்கப்படாததும் பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தன. மறுநாளே, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 கோடி ரூபாயை முன்வைப்பாகக் கட்டச் சொன்னது. ஓடாத ஆலையிலும் பொருள் தொட்டியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, விடுமுறை நாட்களுக்கும் கடையடைப்பு நாட்களுக்கும் தனிப் பாதுகாப்பு அட்டவணை எழுதுங்கள். சங்கை ஒலிக்க எந்தத் தொழிலாளியும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அறிவியுங்கள். ஊர்மக்களோடு ஒத்திகை நடத்துங்கள்.

பொறுப்பின் அளவு இங்கே முற்றிலும் வேறானது. போபால் பேரழிவுக்கு ஓராண்டுக்குப் பின், 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியின் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. 1986 டிசம்பர் 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் கேட்டுக்கு விலக்கே இல்லாமல் முழுப் பொறுப்பு என்றும், நிறுவனம் எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. ‘எல்லா எச்சரிக்கையும் எடுத்திருந்தோம்’ என்ற வாதம் இழப்பீட்டு வழக்கில் எடுபடாது. 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எடுக்க வேண்டிய காப்பீட்டைப் பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் சரிபாருங்கள்.

பணக் கணக்கு

சமூகப் பொறுப்பு நிதியையும் சட்டக் கடமையையும் குழப்பிக்கொள்வது பரவலான பிழை. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் உண்டு. ஆனால் வேறு சட்டம் கட்டாயமாக்கிய வேலையைச் செய்யும் செலவு சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று விதிகள் விலக்கிவைத்திருக்கின்றன. உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தையோ, அனுமதி நிபந்தனையாக விதிக்கப்பட்ட பசுமை வளையத்தையோ அந்தக் கணக்கில் எழுதக் கூடாது. ஊர் ஏரியைத் தூர்வாரிப் பலகை வைக்கும் நிறுவனம் தன் மதகின் வழியே அதே ஏரியைக் கெடுத்தால் ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது.

மீறலின் விலையை முன்கூட்டியே கணக்கிட்டு இயக்குநர் குழுவின் முன் வையுங்கள். மத்திய வாரியத்தின் சுற்றுச்சூழல் இழப்பீட்டு வாய்ப்பாடு ஐந்து எண்களின் பெருக்கல்: மாசுக் குறியீடு (சிவப்பு வகைக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30), மீறிய நாட்கள், ரூபாய்க் காரணி (100 முதல் 500 வரை, பொதுவாக 250), ஆலையின் அளவு (சிறியதற்கு 0.5, நடுத்தரத்துக்கு 1, பெரியதற்கு 1.5), இடத்தின் மக்கள்தொகைக் காரணி. நடுத்தரச் சிவப்பு வகை ஆலை ஒன்று, மக்கள்தொகைக் காரணி 1 ஆக உள்ள சிறிய ஊரில் 60 நாட்கள் மீறினால் 80 × 60 × 250 × 1 × 1, அதாவது 12 லட்சம் ரூபாய். பழுதான காற்றூட்டியை மாற்றும் செலவை இதனோடு ஒப்பிட்டுக் காட்டினால் நிதிப் பிரிவு விரைவில் ஒப்புதல் தரும்.

சீரமைப்புச் செலவு இதைவிடக் கனமானது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் எச்-ஆசிட் என்ற சாய இடைப்பொருளைத் தயாரித்த ஆலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே சீரமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 37.385 கோடி ரூபாயைக் கட்டாமல் மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு, 2011 ஜூலை 18 அன்று அந்தத் தொகையின் மேல் 1997 முதல் 12 சதவீதக் கூட்டுவட்டி விதிக்கப்பட்டது. நம் பாலாற்றங்கரையின் தோல் ஆலைகள் குறித்த 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே ஈடுசெய்யும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது. அந்த வட்டாரத்தின் பாதிப்புக்காக 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், அரசு இழப்பீட்டைக் கொடுத்து மாசுபடுத்தியவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க 5 ஆண்டு வரை காலம் உண்டு என்பதால், பதிவேடுகளையும் அதற்குக் குறையாமல் பாதுகாத்து வையுங்கள்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் அரையாண்டு நிறைவேற்ற அறிக்கையை ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும். அபாயகரக் கழிவு ஆண்டறிக்கைக்கு ஜூன் 30. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 14-ஆம் விதிப்படி படிவம் 5-இல் தரும் சுற்றுச்சூழல் அறிக்கைக்குச் செப்டம்பர் 30. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்போரும், மின்னணுப் பொருள், மின்கலம் தயாரிப்போரும் உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பின் (தாம் விற்ற பொருள் கழிவானபின் அதை முறையாகக் கையாளும் கடமை) கீழ் மத்திய வாரியத் தளத்தில் பதிய வேண்டும். பங்குச் சந்தையில் சந்தை மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையையும் 2022-23 முதல் தருகின்றன. அவற்றுக்குப் பொருள் வழங்கும் சிறு ஆலைகளிடமும் நீர், மின்சாரக் கணக்குகள் கேட்கப்படத் தொடங்கிவிட்டன.

அறிவிப்பு வந்தால்

காரணம் கேட்கும் அறிவிப்பில் பதில் தரப் பொதுவாக 15 நாள் அவகாசம் இருக்கும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எண்ணிட்டுப் பதில் சொல்லுங்கள். உண்மையானதை ஒப்புக்கொண்டு திருத்தக் கால அட்டவணையை இணையுங்கள். உண்மையல்லாததற்கு மின்மானிக் கணக்கையும் ஆய்வக முடிவையும் இணையுங்கள். நீர்ச் சட்டத்தின் 33A பிரிவின்படி ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்தால் ஆணையிட முடியும். அந்த ஆணையை எதிர்க்கும் இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இசைவாணையை மறுத்தாலோ ஏற்க முடியாத நிபந்தனை விதித்தாலோ 28-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீட்டு அதிகார அமைப்புக்கு 30 நாளுக்குள் போகலாம். மேல்முறையீடு நிலுவையில் இருப்பதாலேயே மூடல் ஆணை நின்றுவிடாது. தடையாணை கிடைக்கும் வரை கதவைத் திறக்காதீர்கள். தீர்ப்பாயத்தின் ஆணையை மீறும் நிறுவனத்துக்கு 25 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆலையை மூடும்போதும் விற்கும்போதும்

உற்பத்தி நின்றதும் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ராணிப்பேட்டையில் இன்றும் பார்க்கலாம். அங்கே குரோமேட் உப்புகளைத் தயாரித்த ஆலை 1990-களின் நடுவில் நின்றுபோனது. குரோமியம் கலந்த இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியல் திறந்த வெளியில் அப்படியே கிடக்க, ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து மஞ்சள் நீராக நிலத்துக்குள் இறக்கியது. மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென 2025 ஜூலையில் தனி விதிகள் அறிவிக்கப்பட்டன. இடத்தைக் கெடுத்தவரைக் கண்டறிந்து சீரமைப்புச் செலவை அவரிடமே சுமத்துவது அவற்றின் அடிப்படை.

மூடுவதாக முடிவெடுத்த நாளிலேயே வாரியத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். தொட்டிகள், குழாய்கள், கிடங்குகளில் மிஞ்சிய வேதிப்பொருள்களையும் கசடையும் அனுப்புகைச் சீட்டோடு வெளியேற்றுங்கள். தொட்டிகளின் அடியிலும் கழிவு வைத்த இடத்திலும் பல ஆழங்களில் மண்ணையும், வளாகத்தின் நான்கு திசைக் கிணறுகளில் நீரையும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, தொடங்கும் முன் எடுத்த அடிப்படை அளவீட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் சீரமைப்புத் திட்டத்தை வாரியத்தின் ஒப்புதலோடு நிறைவேற்றி, அதற்கான தொகையை நிறுவனத்தின் சொத்துகளைப் பிரிக்கும் முன்பே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். விற்பதாக இருந்தால் இந்த ஆய்வு முடிவுகள் கிரயப் பத்திரத்தின் இணைப்பாக இருக்கட்டும். வாங்குபவராக நீங்கள் இருந்தால், அந்த இணைப்பு இல்லாத பத்திரத்தில் கையொப்பமிடாதீர்கள்.